கற்கோவிலும் குழாய் ஓர்கனும்

கல்லால் எழுப்பிய பழைய தேவாலயம் ஒன்றின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை உடனே மடிந்துவிடாது. சுவரில் மோதி, கூரையில் மோதி, மீண்டும் எதிர்ச்சுவரில் மோதி, இரண்டு மூன்று செக்கன்கள் உலவிய பின்னரே அடங்கும். அதே இடத்தில் நின்று ஒரு வாக்கியத்தைச் சற்று விரைவாகச் சொல்லிப் பாருங்கள். பின்வரிசையில் நிற்பவருக்கு ஓசை கேட்கும், சொல் விளங்காது.

மலைநாட்டுப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் நாம், மாணவர் சிலரோடு அத்தகைய தேவாலயம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது இச்சோதனையைச் செய்து பார்த்தோம். "இவ்வளவு சத்தம் கேட்குது, ஆனா ஒண்ணும் விளங்கலையே சேர்" என்றான் ஒரு மாணவன். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வருகிறவன் அவன். அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, அது பௌதிகவியலோடு முடிகிற கேள்வி அன்று, மலையகத்தின் வரலாற்றோடும் பிணைந்த கேள்வி என்பதை உணர்ந்தோம். அவ்வாறு தேடிக் கண்டவற்றை இங்கே தொகுத்துரைக்க முனைகிறோம்.

முதலில் இக்கட்டடங்கள் எழுந்த காலத்தை நோக்குவோம். 1820களிலிருந்து கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர். தோட்டங்கள் பெருகப் பெருகத் துரைமாருக்குரிய தேவாலயங்களும் மலைச்சரிவுகளிலே தோன்றின. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ தேவாலயம் 1852இல், கொழும்பின் முதலாவது அங்கிலிக்கன் பேராயரான ஜேம்ஸ் சாப்மன் அவர்களால் அர்ப்பணிக்கப்பட்டது. டிக்கோயாவிலே, வார்லி கிறிஸ்து தேவாலயம் 1878இல் எழுந்தது. அதற்குள்ளாகவே, 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பிச் செடிகளை அரிக்கத் தொடங்கியிருந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் பயிரிட்ட தேயிலையே பின்னர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஹட்டனுக்குப் புகையிரதம் வந்ததோ 1884இல். வார்லி தேவாலயத்தின் கற்கள் அடுக்கப்பட்ட நாளில் இப்பகுதிக்கு இருப்புப்பாதை இல்லை. இன்று அதன் கீழே விரிந்து தெரியும் காசல்ரீ நீர்த்தேக்கமும் இல்லை, அது 1960களில் உருவானது. கட்டியவர் பட்டியலில் பணம் கொடுத்தவரின் பெயர் நிலைப்பதும், கல் சுமந்தவரின் பெயர் மறைவதும் உலகெங்கும் காணும் வழக்கம். மலைநாடு அதற்கு விலக்கன்று.

இத்தேவாலயங்கள் பிறந்த நாட்டை நினைந்து கட்டப்பட்டவை. கற்சுவர், உயர்ந்து குவிந்த கூரை, வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஆகியன இங்கிலாந்துக் கிராமத்துக் கோவிலின் சாயலிலே அமைந்தன. அந்தச் சாயலின் ஒரு கூறாகவே குழாய் ஓர்கன் என்னும் கருவியும் கடல் கடந்து குடியேற்ற நாடுகளுக்கு வந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகக் குழாய்களும் மரக் குழாய்களும் வரிசையாக நிற்க, துருத்தியிலிருந்து வரும் காற்று அவற்றினூடே புகுந்து ஒலிக்கும் கருவி அது. ஐரோப்பியத் தாழ்சுரமொன்றை எழுப்பும் திறந்த குழாய் எட்டடி நீளம் இருக்கும். அதற்கும் ஓர் எண்சுரம் கீழே செல்வதற்குப் பதினாறடிக் குழாய் வேண்டும். மின்விசிறி வருவதற்கு முன்னர், கருவியின் பின்புறத்தே ஓர் ஆள் நின்று துருத்தியை மிதிப்பான் அல்லது நெம்புகோலை இழுப்பான். வாசிப்பவரின் திறம் புகழப்படும். காற்றை ஊட்டியவன் திரைக்குப் பின்னாலேயே நிற்பான்.

இக்கருவிக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. வீணையின் நரம்பைத் தட்டினால் நாதம் தானாகவே மெல்லத் தேய்ந்து மறையும். ஓர்கனில் அவ்வாறில்லை. விரல் கட்டையிலிருந்து எழுந்த கணமே காற்று நின்றுவிடும். ஒலியும் வெட்டினாற்போல நின்றுவிடும். அது தேய்ந்து மறைவதற்குரிய காலத்தைக் கட்டடமே தரவேண்டும். ஆதலினாலேதான், கட்டடம் ஓர்கனின் தலையாய உறுப்பு என்று அதனைச் செய்வோர் கூறுவர். கம்பளமும் கனத்த திரைச்சீலையும் மெல்லிய பலகைக் கூரையும் கொண்ட சிற்றாலயத்தில் மிகச் சிறந்த ஓர்கனும் தொண்டை கட்டிய பாடகனைப் போல் ஒலிக்கும். மெல்லிய பலகை தானும் அதிர்ந்து தாழ்சுரங்களை விழுங்கிவிடுகிறது. கம்பளமும் சீலையும் மேற்சுரங்களை விழுங்குகின்றன.

ஒலி நின்றபின்னும் மண்டபத்தில் உலவும் இம்மிச்ச ஒலியை எதிர்முழக்கம் என்கிறோம். ஓர்கன் இசைக்கு இரண்டு செக்கன்களுக்குக் குறையாத எதிர்முழக்கம் விரும்பப்படுகிறது. பேச்சுக்கோ ஒரு செக்கனளவே போதும். அதற்கு மேற்பட்டால் முன்னசையின் வால் பின்னசையின் தலையை மூடிவிடும். நம் மாணவனின் கேள்விக்கு நேர்விடை இதுவே. ஓர்கனுக்கு நல்லது பேச்சுக்குத் தீது. பேச்சுக்கு நல்லது ஓர்கனுக்குத் தீது. ஒரே கூரையின் கீழ் இவ்விரண்டையும் எவ்வாறு இணக்குவது என்பதே பிரச்சினை.

இதனை அளந்து கணக்கிடும் வழியை முதன்முதலிற் கண்டவர் அமெரிக்கப் பௌதிகவியலாளர் வாலஸ் கிளெமென்ற் சபைன். 1895இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபமொன்றில் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. அக்குறையை நீக்கும் பணி இளைஞரான சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரிடம் இருந்த ஒலிமூலம் என்ன தெரியுமா? ஓர் ஓர்கன் குழாய். ஊர் அடங்கிய இரவு நேரங்களில் அக்குழாயை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி முற்றாக மறையும் வரை சென்ற காலத்தைக் குறித்தார். வெற்று மண்டபத்தில் அது ஏறத்தாழ ஐந்தரைச் செக்கன். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து ஒவ்வொன்றாகப் பரப்ப, அக்காலம் படிப்படியாகக் குறைந்தது. மண்டபத்தின் கன அளவு பெருகினால் எதிர்முழக்கம் பெருகும். ஒலியை உறிஞ்சும் பரப்புப் பெருகினால் அது குறையும் என்ற எளிய விதி அதிலிருந்து பிறந்தது. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்டன் இசைமண்டபம் அவ்விதியின் துணைகொண்டு அமைக்கப்பட்டது.

சபைன் தமது அளவீட்டுக்கு எடுத்துக்கொண்ட அலகு நம் கவனத்துக்குரியது. திறந்த சாளரமே அவ்வலகு. சாளரத்தின் வழி வெளியேறிய ஒலி திரும்பி வராது. ஆகவே திறந்த சாளரம் முழு உறிஞ்சி. அதனோடு ஒப்பிட்டு மனிதரையும் அவர் அளந்தார். உடையணிந்து அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் அரைச் சதுர மீற்றர் திறந்த சாளரத்துக்குச் சற்றுக் குறைய ஒலியை உறிஞ்சுகிறார். துரையாயினும் தொழிலாளியாயினும் விஞ்ஞானத்தின் தராசில் நிறை ஒன்றே.

இதனைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமும் ஏழு மீற்றர் உயரமும் கொண்ட ஒரு கற்கோவிலை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு 1120 கன மீற்றர். சுவரும் தரையும் கூரையும் சேர்ந்து அறுபது சதுர மீற்றர் திறந்த சாளரத்துக்குச் சமமாக உறிஞ்சுகின்றன என்க. சபைனின் விதிப்படி எதிர்முழக்கம் மூன்று செக்கன். அக்கோவிலில் நூறு பேர் வந்து அமர்ந்தால் அது ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைந்துவிடும். இருநூறு பேர் அமர்ந்தால் ஒன்றேகால் செக்கனுக்கும் கீழே இறங்கும். கல்லையோ கூரையையோ தொடாமலே கட்டடத்தின் குணம் மாறிவிட்டது. மாற்றியவர்கள் மக்கள்.

ஓர்கன் ஒன்றைப் பழுதுபார்த்து, அதற்கேற்பத் தேவாலயத்தின் ஒலியைச் சீராக்க முனைவோர் முதலிற் சிந்திக்கவேண்டியது இதுவே. யாருமில்லாத வார நாளொன்றில் வந்து வாசித்துப் பார்க்கும் கலைஞனுக்கு மூன்று செக்கன் முழக்கம் தேவாமிர்தமாக இருக்கலாம். அது வெறுமையின் முழக்கம். சுற்றுத் தோட்டங்களின் துரைமாரும் அவர்தம் குடும்பத்தாரும் மாத்திரம் வந்து போன அன்றைய ஆராதனை அதற்கு அண்மையில் இருந்திருக்கும். இன்று அவ்வாசனங்களில் அமர்வோர் பெரும்பாலும் தமிழ் பேசும் சபையார். அவர்கள் நிறைந்திருக்கும்போது எவ்வாறு ஒலிக்கிறது என்பதே அளவுகோலாக இருத்தல் வேண்டும்.

இங்கே தமிழின் வரலாற்றையும் சற்று நினைவுகூர்தல் தகும். 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென அங்கிலிக்கன் மிஷனரிமார் ஓர் அமைப்பைத் தொடங்கினர். 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். அப்பெயரே அக்காலத்தைக் காட்டிக் கொடுக்கிறது. உபதேசியார்கள் தோட்டந் தோட்டமாக நடந்து போதித்தனர். தொழிலாளருட் பெரும்பாலோர் இந்துக்களாகவே இருந்தனர். மாரியம்மன் விழாவும் காமன் கூத்தும் அவர்களுடைய கலை. அவர்களுடைய வாத்தியம் தப்பு. நெருப்பிலே தோலைக் காய்ச்சி, வெட்டவெளியில் முழக்கும் அதற்குக் கற்சுவரின் தயவு வேண்டியதில்லை. மலையே அதற்கு எதிரொலி கொடுக்கும். விடியுமுன்னர் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு எழுப்பியதும் அதே தப்புத்தான். ஒரே கருவி விழாவுக்கும் வேலைக்கும் ஒலித்த கொடுமை மலையகத்துக்கே உரியது.

கிறிஸ்தவரான தொழிலாளர் பாடியவற்றில் தமிழ்க் கீர்த்தனைகளுக்குச் சிறப்பிடம் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) முதலியோர் வளர்த்த மரபு அது. இராகமும் தாளமும் பொருந்திய அப்பாடல்களில் சொற்கள் நெருங்கி ஓடும். ஒரு தாள வட்டத்துக்குள் அசைகள் செறிந்து விழும். நீண்ட எதிர்முழக்கத்தில் அவை ஒன்றன்மேலொன்று சரிந்து குழம்பும். நீண்ட சுரங்களில் நிதானமாக நகரும் ஆங்கிலப் பாமாலைக்கு ஏற்ற கட்டடம், தமிழ்க் கீர்த்தனைக்கு ஏற்றதாகாது. கட்டடத்தின் கற்களுக்கும் ஒரு மொழிச்சார்பு உண்டு என்று இதனாற் சொல்லத் தோன்றுகிறது.

அப்படியாயின் ஓர்கனைக் கைவிடவேண்டியதுதானா? வேண்டியதில்லை என்பதற்கு ஜேர்மனியின் வரலாறே சான்று. லைப்சிக் நகரின் புனித தோமையார் தேவாலயம் இடைக்காலத்திலே இலத்தீன் வழிபாட்டுக்காகக் கட்டப்பட்டது. மக்களுக்கு விளங்காத மொழியில் குருமார் நீட்டி இசைத்த வழிபாட்டுக்கு நீண்ட முழக்கம் பொருந்தியிருந்தது. 1539இல் சீர்திருத்தம் அந்நகருக்கு வந்தது. லூதரே அக்கோவிலிற் பிரசங்கித்தார். மக்களின் தாய்மொழியில் பிரசங்கம் நடுநாயகமாயிற்று. சொல் விளங்கவேண்டும் என்ற தேவை பிறந்தது. காலப்போக்கில் மர மாடங்களும் மர ஆசனங்களும் கோவிலை நிறைத்தன. மரமும் மக்கள் திரளும் சேர்ந்து எதிர்முழக்கத்தைக் குறைத்தன. அந்தக் கோவிலிலேதான் 1723 முதல் 1750 வரை யோகான் செபஸ்தியான் பாக் இசைத்தலைவராக இருந்தார். பல குரல்கள் ஒன்றையொன்று பின்னி ஓடும் அவருடைய இசை தெளிவாகக் கேட்பதற்கு அக்குறைந்த முழக்கமே வழி செய்தது என ஹோப் பேகனல் என்ற ஆங்கில ஒலியியலார் எடுத்துக்காட்டினார். மக்கள் மொழி விளங்குவதற்காகச் செய்த மாற்றம் இசையைக் கெடுக்கவில்லை. உலகின் பேரிசைகளுள் ஒன்றுக்கு இடம் அமைத்துக் கொடுத்தது. மலைநாட்டுக் கோவில்களுக்கு இதனைவிடச் சிறந்த பாடம் வேறெதுவும் வேண்டுமோ?

கருவி நாட்டுக்கு இணங்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பின்யாஸ் என்ற ஊரில், டியேகோ சேரா என்ற பாதிரியார் 1824இல் நிறைவேற்றிய ஓர்கனின் 1031 குழாய்களில் 902 மூங்கிலாலானவை. அந்த மண்ணிலே விளைந்த மூங்கில் அந்தக் காற்றின் ஈரத்தை அறியும். காலத்தாற் சிதைந்த அக்கருவி 1973இல் ஜேர்மனியின் பொன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் செப்பனிடப்பட்டு, 1975இல் திரும்பி வந்தது. அதே ஆண்டுகளில் அத்தேவாலயமும் செப்பனிடப்பட்டது. கருவியையும் கட்டடத்தையும் சேர்த்தே நோக்கவேண்டும் என்பதை அவ்வூரார் உணர்ந்திருந்தனர்.

நம்மிடையே கண்டியில் திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் வேறொரு வழியைக் காட்டுகிறது. 1922இல் தொடங்கி 1935இல் அர்ப்பணிக்கப்பட்ட அது, செதுக்கிய கற்றூண்களின்மேல் கூரை நிற்க, பக்கச் சுவர்களின்றித் திறந்து கிடப்பது. கண்டிய அரசர் காலத்து மண்டபத்தின் மரபைத் தழுவியது. டேவிட் பெயின்ரரின் சுவரோவியங்கள் அதற்கு அணி செய்கின்றன. சபைனின் அலகிற் சொன்னால் அது முழுவதும் திறந்த சாளரம். அங்கே கற்கோவிலின் முழக்கம் இல்லை. குரல் குரலாகவே செல்கிறது. இந்நாட்டுக் காற்றுக்கும் இந்நாட்டு மரபுக்கும் இணங்கிய வழிபாட்டிடம் எவ்வாறிருக்கும் என்று சிந்தித்தவர்கள் இருந்தனர் என்பதற்கு அது அடையாளம்.

இனிச் செய்யத்தக்கவை எவை என்பதைச் சுருக்கிக் கூறுவோம். கோவில் நிறைந்திருக்கும்போதும் வெறுமையாயிருக்கும்போதும் எதிர்முழக்கத்தை அளந்து கொள்ளல் முதற்படி. தரையை மூடிய கம்பளத்தையும் கனத்த திரைகளையும் நீக்கினால் ஓர்கன் உயிர்பெறும். ஆசனங்களுக்கு எடுத்துவைக்கத்தக்க மெத்தைகள் இருப்பின், ஆள் குறைந்த நாளில் அவை ஆளுக்கு ஈடு செய்யும். ஓர்கனைப் பக்கத்து மாடக்குழிக்குள் ஒடுக்காமல், கோவிலின் நீளத்தை நோக்கி, பின்னே உறுதியான சுவரோடு நிறுத்தல் வேண்டும். தகரக் கூரையின் கீழே மெல்லிய பலகை இருப்பின் தடித்த பலகையாக மாற்றி, இடையே மழையோசையை அடக்கும் பொருளை நிரப்பலாம். தென்மேற்குப் பருவமழையில் தகரத்தின் இரைச்சல் ஓர்கனையும் பிரசங்கத்தையும் ஒருங்கே மூழ்கடிக்கும். பிரசங்க மேடைக்கு மேலே பழைய முறைப்படி ஒலிப்பலகை ஒன்றை அமைத்தலும், கேட்போருக்கு அண்மையில் சிறு ஒலிபெருக்கிகளை வைத்தலும் சொல்லைக் காக்கும். பழைய சுண்ணச் சுவரின்மேல் சீமெந்து பூசுதல் ஆகாது. ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவரையே அரிக்கும். எச்செயலும் பின்னர் நீக்கத்தக்கதாய் இருத்தல் நன்று.

குளிரையும் மறத்தலாகாது. காற்றுக் குளிரும்போது குழாயின் சுருதி இறங்கும். கொழும்பின் 27 பாகை வெப்பத்திற் சுருதி கூட்டிய குழாய், நுவரெலியாவின் 16 பாகைக் குளிரில் ஏறத்தாழ அரைச்சுரத்தின் மூன்றிலொரு பங்கு தாழ்ந்து ஒலிக்கும். மூடுபனியின் ஈரம் மரத்தை வீங்கச் செய்யும். துருத்தியின் தோலைப் பூஞ்சணம் தின்னும். ஆகவே கருவி எங்கே வாழப்போகிறதோ அங்கேயே அதனைச் சுருதி கூட்டவேண்டும்.

இவ்வளவும் கூறியபின், முற்போக்கு நண்பர்கள் ஒரு வினாவை எழுப்பக்கூடும். "லயக் காம்பராக்கள் ஒழுகும்போது துரைமார் விட்டுப்போன ஓர்கனுக்குச் செப்பம் எதற்கு?" என்பதே அது. நியாயமான வினா. நம் மாணவன் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலிருந்து வருகிறான். அங்கேயும் ஓர் ஒலியியல் உண்டு. அடுத்த காம்பராவின் இருமலும் பிள்ளையின் அழுகையும் குடிவெறிச் சண்டையும் சுவரைத் தாண்டி வருகின்றன. மழை நாளில் தகரத்தின் இரைச்சலில் தாய் சொல்வது பிள்ளைக்குக் கேட்பதில்லை. ஒரு ஓசையை மூன்று செக்கன் நிலைக்கச் செய்வதற்குக் கல்லடுக்கிய அதே காலம், உழைப்பவன் தன் மனைவியோடு மறைவாக ஒரு சொல் பேசுவதற்கேற்ற சுவரை எழுப்பவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவனைத் தலையெண்ணிப் பங்கிட்டது. அவனுடைய குரல் எந்த மண்டபத்திலும் கேட்காதவாறு சட்டமே கம்பளமாய் விரிந்து கிடந்தது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இலேதான்.

ஆயினும் அறிவை இரண்டாகக் கூறுபோடுதல் நமக்கு அழகன்று. ஓர்கனுக்காகக் கற்ற ஒலியியல் லயத்துக்கும் உரியது. தகரத்தின் கீழே மழையோசையை அடக்கும் அதே வழி, நம் மாணவன் படிக்கும் வகுப்பறைக்கும் அவன் உறங்கும் காம்பராவுக்கும் பொருந்தும். புதிய வீடு கட்டுவோர் சுவரின் தடிப்பையும் கூரையின் இரைச்சலையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கற்கோவில்களும் இன்று துரைமாரின் உடைமையல்ல. அவற்றில் அமர்வோர் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள். அங்கே ஓர்கன் வாசிக்கப் பழகும் பிள்ளையும் அவர்களுள் ஒருத்தியாக இருத்தல் வேண்டும்.

அன்று கோவிலை விட்டு வெளியேறுமுன் மாணவர் அனைவரையும் ஆசனங்களில் நெருங்கி அமரச் செய்தோம். கேள்வி கேட்ட மாணவனை முன்னே நிறுத்தி, முன்னர் சொன்ன வாக்கியத்தையே மீண்டும் சொல்லச் செய்தோம். நாம் இருந்தது முப்பது பேரே. எனினும் முழக்கம் சற்று ஒடுங்கியது. பின்வரிசையில் அமர்ந்திருந்த நமக்குச் சொல் ஓரளவு விளங்கியது. அவன் முகத்தில் தோன்றிய வியப்பை நாம் மறக்கவில்லை. பழைய கட்டடங்களைச் செப்பனிடுவோர் தம் கணக்கிலே முதலில் எழுதவேண்டியது மக்களின் தொகையை. அடுத்து அவர்கள் பேசும் மொழியை. மற்றவை அதன் பின்னரே வரட்டும்.